1990 சுவசெரிய அம்புலன்ஸ்: நடுச்சாமத்தில கூப்பிட்ட எங்கட அனுபவம்

கன நாளா இத எழுதோணும் எழுதோணும் எண்டு இருந்தன், இண்டைக்குத்தான் நேரம் கிடைச்சிருக்கு. திருகோணமலையில எந்தக் கடையில கொத்து நல்லம், நிலாவெளியில எந்த ஹோட்டல் மலிவு, புறாமலைக்கு போக எந்த போட் எண்டெல்லாம் ஆக்கள் எழுதுறாங்க, நானும் வாசிச்சுத்தான் போறன். ஆனா வாழ்க்கையில ஒரு நாள் கட்டாயம் தேவைப்படுற ஒரு சேர்விஸ், இலங்கையில 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற இலவச சுவசெரிய அம்புலன்ஸ் பற்றி பாவிச்ச ஆக்கள் எழுதினா மத்தவங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன். முதல்லயே சொல்லிடுறன், அஞ்சுக்கு அஞ்சு. ஏன் எண்டு கீழ எழுதுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

நாங்க இருக்கிறது அலஸ்தோட்டத்தில, மெயின் ரோட்டில இருந்து கடல் பக்கமா உள்ளுக்கு போற ஒரு மண் ஒழுங்கை. அம்மாக்கு 71 வயசு, பதினாறு வருஷமா சுகர், இன்சுலின் போடுறவ. 2025 மார்ச்சில ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா விரதம். வழமையா இரவைக்கு ஏதும் லேசா சாப்பிடுவா, அண்டைக்கு கோயிலுக்கு போய் வந்த களைப்பில ஒரு வாழைப்பழத்தோட படுத்திட்டா, ஆனா ஊசிய மட்டும் மறக்காம போட்டிருக்கிறா, அது எனக்கு தெரியாது. இரவு ஒண்டே முக்கால் இருக்கும், குறட்டை மாதிரி, ஆனா குறட்டை இல்லாத ஒரு சத்தம் கேட்டு எழும்பி போய் லைட்ட போட்டா அம்மாட சட்டை, தலையணை எல்லாம் வேர்வையில தோஞ்சு போய் இருக்கு, உடம்பு ஐஸ் மாதிரி, கூப்பிட்டா கண் திறக்கல்ல, கன்னத்தில தட்டினாலும் ஒண்டுமில்ல.

என்ட மனுசன் வேலை விஷயமா கொழும்பில. வீட்டில நானும் மகளும் மட்டும். எனக்கு கை கால் ஓடல்ல. மகள்தான் போனை எடுத்து 1990 அடிச்சா. காசு போட்டிருக்கோணும் எண்டு இல்ல, ரீலோட் முடிஞ்ச போனில இருந்தும் போகும்.

எடுத்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. முதல் சொல்லு சிங்களத்தில வந்தது, மகள் தமிழ்ல கதைச்ச உடன அப்படியே தமிழுக்கு மாறிட்டா. ஆருக்கு, என்ன வயசு, மூச்சு வருதா, சுகர் இருக்கா பிரஷர் இருக்கா, கடைசியா எப்ப சாப்பிட்டவ, எந்த இடம். ஒவ்வொண்டா, அவசரப்படாம. நான் அதுக்குள்ள சீனித்தண்ணி கரைச்சு அம்மாட வாயில ஊத்தப் போறன், மகள் அத போனில சொன்ன உடன "வேண்டாம் வேண்டாம், நினைவு இல்லாதவங்களுக்கு வாயில ஒண்டும் குடுக்காதீங்க, புரைக்கேறிடும், ஒரு பக்கமா சரிச்சு படுக்க வைங்க" எண்டு அந்தப் பிள்ளை சொன்னா. நான் அந்த தம்ளரோட அப்படியே நிண்டன். இந்த ஒரு வசனத்துக்கே நான் அந்தப் பிள்ளைக்கு காலத்துக்கும் நன்றி சொல்லோணும், ஏனெண்டா எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறது அதத்தான், மயங்கின உடன தண்ணிய ஊத்துறது.

அஞ்சு நிமிஷத்தில வண்டியில இருந்தே போன் வந்தது, வந்துகொண்டிருக்கிறம், ஒழுங்கை எந்தப் பக்கம் எண்டு. இங்கதான் கொஞ்சம் பிழைச்சது, பிழை எங்கடது. எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டுக்கும் நம்பர் வடிவா இல்ல, வாசல்ல லைட்டும் இல்ல, அவங்க எங்கள தாண்டி கடற்கரை மட்டும் போய் திரும்பி வந்தாங்க. பக்கத்து வீட்டு மாமி சத்தம் கேட்டு எழும்பி டோர்ச்ச எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு மட்டும் ஓடினதாலதான் பிடிச்சம். எல்லாமா சேர்த்து போன் எடுத்ததில இருந்து பதினேழு நிமிஷம்.

ரெண்டு பேர். ஓட்டுறவர பைலட் எண்டுதான் சொல்றாங்க, மற்றவர் ஈ.எம்.டி, முதலுதவி படிச்சவர். முப்பது வயசும் இருக்காது ரெண்டு பேருக்கும். உள்ளுக்கு வந்த உடன விரல்ல குத்தி சுகர் பார்த்தார் அந்த தம்பி, 38, நல்லா இறங்கிட்டுது. போனில அவங்கட டொக்டரோட ரெண்டு வசனம் கதைச்சிட்டு, நரம்பு தேடி ஊசி ஏத்தினார். அம்மாட கை நரம்பு சும்மாவே கிடைக்காது, கிளினிக்கில ரத்தம் எடுக்கேக்க நாலு இடம் குத்துவாங்க, இவர் டோர்ச் வெளிச்சத்தில ரெண்டாவது தரமே பிடிச்சிட்டார். குளுக்கோஸ் மெல்ல ஏறுது. நான் அம்மாட முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒரு நாலஞ்சு நிமிஷம் இருக்கும், அம்மா கண்ண திறந்து சுத்திப் பார்த்திட்டு சொன்ன முதல் வசனம் "ஆரது வீட்டுக்குள்ள சப்பாத்தோட நிக்கிறது?"

நான் அழுதன். அந்த தம்பி சிரிச்சுக்கொண்டு "மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா, அடுத்த முறை கழட்டிட்டு வாறன்" எண்டார், பைலட் தம்பிக்கு தமிழ் பெரிசா வராது, அவர் சும்மா "பயவேண்டாம் அம்மா, ஒண்டுமில்ல" எண்டு அம்மாட கால போர்த்து விட்டார்.

அம்மா எழும்பிட்டாதானே, விட்டுட்டு போயிருக்கலாம். போகல்ல. திருப்பியும் இறங்கலாம், கொண்டு போய் காட்டத்தான் வேணும் எண்டு சொல்லி ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரியில எழுதின துண்டோட ஒப்படைச்சு, நேர்சுக்கு எல்லாம் விளக்கம் சொல்லி, அதுக்கு பிறகுதான் வெளிய வந்தாங்க. நான் கைப்பையில இருந்து ரெண்டாயிரம் ரூபா எடுத்து நீட்டினன், டீக்கு எண்டு. தொடவே இல்ல. "அக்கா, இது ஃப்ரீ. டீக்கும் ஃப்ரீதான்" எண்டிட்டு போய்ட்டாங்க.

சரி, இவ்வளவும் ஒரு அம்புலன்ஸ் கதை. ஆனா எனக்கு இது வேற ஒரு இடத்தில போய் தைக்குது.

என்ட அப்பா 2013ல போனவர். இதே வீடு, இதே மாதிரி நடுச்சாமம், நெஞ்சுக்குத்து. அப்ப எங்களுக்கு 1990 இல்ல. தெரிஞ்ச ஓட்டோக்கார அண்ணைட போன் ஓஃப். இன்னொருத்தர் வரலாம், ஆனா இவ்வளவு வேணும் எண்டு ஒரு தொகை சொன்னார், சரி வாங்கோ எண்டு சொல்லியும் வரல்ல. நான் நைட்டியோட மெயின் ரோட்டில நிண்டு போற லொறிக்கு கை காட்டினன். கடைசியா மீன் ஏத்துற ஒரு வண்டிதான் நிண்டது, அந்த மனுசன் பெட்டிகள இறக்கி ரோட்டோரத்தில வச்சிட்டு அப்பாவ ஏத்தினார். வீட்டில இருந்து ஆஸ்பத்திரி பகல்ல பதினைஞ்சு நிமிஷ ஓட்டம், எங்களுக்கு அண்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல. டொக்டர் "இன்னும் கொஞ்சம் முந்தி..." எண்டு தொடங்கிட்டு என்ட முகத்த பார்த்து மிச்சத்த சொல்லல்ல. அந்த சொல்லாத வசனத்தோட பன்னிரெண்டு வருஷம் இருந்திருக்கிறன். இரவில அம்மா இருமினாலே எனக்கு நித்திரை போயிடும், ஆர்ட நம்பருக்கு அடிக்கிறது, ஆர் வருவாங்க எண்டு மனசுக்குள்ள ஒரு லிஸ்ட் ஓடும். இந்தப் பயம் கையில காசில்லாத, வாசல்ல வாகனம் இல்லாத எல்லா வீட்டிலயும் இருக்கு.

அண்டைக்கு விடிய ஆஸ்பத்திரி வாங்கில குந்தி போனை பார்த்துக்கொண்டு இருக்கேக்க செய்தி ஒண்டு வந்தது. மார்ச் 20 உலக மகிழ்ச்சி தினமாம், ஒவ்வொரு வருஷமும் அதை ஒட்டி ஒரு அறிக்கை விடுறாங்க, அந்த முறையும் பின்லாந்துதான் முதலாம் இடம், எட்டாவது தரமா தொடர்ந்து. நாங்க 133. வேற நாளா இருந்தா தள்ளி விட்டிருப்பன். அண்டைக்கு நித்திரையும் இல்ல, வாசிச்சன். அவங்க இத எப்படி அளக்கிறாங்க எண்டா, ஆக்களிட்ட ஒரு ஏணிய நினைக்கச் சொல்றாங்க, அடியில பூச்சியம், உச்சியில பத்து, உங்கட வாழ்க்கை இப்ப எந்தப் படியில நிக்குது எண்டு கேக்கிறாங்க. பிறகு நாட்டுக்கு நாடு ஏன் வித்தியாசம் எண்டு பார்க்க வருமானம், ஆரோக்கியமா வாழுற காலம், ஊழல், சுதந்திரம் எல்லாம் எடுக்கிறாங்க. அதுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு: உங்களுக்கு ஒரு கஷ்டம் எண்டு வந்தா, எந்த நேரம் எண்டாலும் நம்பி கூப்பிடக்கூடிய சொந்தக்காரரோ சிநேகிதரோ இருக்கிறாங்களா, இல்லையா?

நான் அந்தக் கேள்விய மூண்டு நாலு தரம் வாசிச்சன். 2013ல எனக்கு ஆக்கள் இருந்தாங்க, சொந்தம் பந்தம் எல்லாம் இருந்தது, ஆனா அந்த நேரத்தில வாகனத்தோட ஒருத்தரும் இல்ல. இப்ப சொந்தமே இல்லாத ஒரு ஆளுக்கும், வாடகை அறையில தனிய இருக்கிற ஒரு வயசு போன மனுசிக்கும், நாலு இலக்கத்தை அடிச்சா வர ரெண்டு பேர் இருக்கிறாங்க. அரசாங்கம் ஒண்டு எடுத்த முடிவாலதான் இது வந்தது. கொள்கை, திட்டம் எண்டு டிவியில கதைக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கிறேல்ல, நித்திரையும் வரும். எனக்கு விளங்கினது இதுதான்: அண்டைக்கு பிறகு அம்மா இருமினா நான் எழும்பி பார்த்திட்டு திருப்பி படுத்து நித்திரை கொள்ளுறன். என்ட ஏணியில ரெண்டு படி ஏறினது அந்த நித்திரையாலதான்.

இது வந்த கதைய பிறகு தேடிப் பார்த்தன். 2016 ஜூலை 28ல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் 88 வண்டியோட தொடங்கியிருக்கு, இந்தியா நன்கொடையா குடுத்த காசில, அந்த நேரம் வெளிநாட்டு அலுவல்கள் பிரதி அமைச்சரா இருந்த ஹர்ஷ டி சில்வா முன்னுக்கு நிண்டு செய்தது. தொடக்கத்தில எதிர்ப்பு நல்லா இருந்தது, இந்தியாக்காரன் வேவு பார்க்க வாறான் எண்டு கூட கதை வந்தது. பிறகு 2018 ஜூலையில வடக்குக்கு வந்தது, அதுக்கு பிறகு எங்கட கிழக்குக்கும் மற்ற மாகாணங்களுக்கும். ரெண்டு கட்டத்திலயும் சேர்த்து 297 வண்டி. இதுக்கெண்டே 2018ல தனிச் சட்டமும் போட்டாங்க. அதுக்கு பிறகு எத்தனை ஆட்சி மாறிட்டுது, எத்தனை மந்திரி மாறிட்டாங்க, திட்டத்துக்கு பேர மாத்துறதே வேலையா இருக்கிற நாட்டில இது இன்னும் ஓடுது. சட்டத்தில இருக்கிறதும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன், ஒருத்தரும் கை வைக்க பயப்பிடுற அளவுக்கு சனம் இத தன்ட எண்டு நினைச்சதும் ஒரு காரணம்.

ஒரு முடிவு சனத்த எப்படி தூக்கி விடும் எண்டதுக்கு இது எண்டா, எப்படி போட்டு மிதிக்கும் எண்டதையும் நாங்க பார்த்துட்டம். 2021 மே மாசம் ஒரே வர்த்தமானியில ரசாயனப் பசளை இறக்குமதிய நிப்பாட்டினாங்க. தம்பலகாமத்தில என்ட மாமா வயல் செய்யிறவர், யூரியா இல்ல, ஆருக்கும் சொல்லிக் குடுக்கவும் இல்ல, சேதனப் பசளை எங்க எண்டா அதுவும் இல்ல. நவம்பரில திருப்பி விட்டாங்க, ஆனா பயிர் நவம்பர் மட்டும் பார்த்துக்கொண்டு நிக்குமா? மாமா அந்தப் போகம் கதிர கையில பிடிச்சு எனக்கு காட்டினார், பாதிக்கு மேல பதர், ஊதினா பறக்குது. மனுசன் ஒண்டும் கதைக்கல்ல. அடுத்த வருஷம் நாடே விழுந்தது, 2022 செப்டெம்பரில சாப்பாட்டு விலை முந்தின வருஷத்தோட பார்க்க 94.9 வீதம் ஏறிட்டுது எண்டு அரசாங்கக் கணக்கே சொன்னது. வள்ளத்து எஞ்சினுக்கு ஊத்துற மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340. திருக்கடலூர் பக்கம் வள்ளத்த கரையில இழுத்துப் போட்டுட்டு கடல பார்த்துக்கொண்டு இருந்த ஆக்கள நான் தினமும் வேலைக்கு போகேக்க பார்த்திருக்கிறன். அந்தப் பக்கம் சீனன்குடாவில வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கி நிக்குது, இந்தப் பக்கம் ஒரு கான் எண்ணெய்க்கு ரெண்டு நாள் வரிசை.

குறிஞ்சாக்கேணிய சொல்லாம விட மனம் வரல்ல. பாலம் கட்டுற காலத்தில போட்ட தற்காலிகப் படகுப்பாதை, 2021 நவம்பர் 23 அது கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்துப் போச்சுதுகள். கிண்ணியாவில அண்டைக்கு அழாத வீடில்ல. ஒரு பாலம் முந்தி முடிஞ்சிருந்தா எண்டு நினைக்கேக்க எனக்கு அப்பாட டொக்டர் நிப்பாட்டின வசனம்தான் ஞாபகம் வரும்.

மொழி விஷயத்துக்கு வாறன், இது எனக்கு பெரிய விஷயம். தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல அரசியலமைப்பில சேர்த்தாச்சு. ஆனா ஒரு கந்தோருக்கு, பேர் சொல்ல விரும்பல்ல, அம்மாட ஒரு அலுவலா போய் தனிச் சிங்களத்தில இருந்த படிவத்த நிரப்ப ஆள் தேடி மூண்டு முறை திரும்பி வந்திருக்கிறம். பகல் பத்து மணிக்கு, நிதானமா இருக்கேக்கயே அது அவ்வளவு கேவலமா இருந்தது எண்டா, நடுச்சாமம் அம்மா மூச்சு இழுக்கேக்க எனக்கு விளங்காத மொழியில ஒருத்தர் கேள்வி கேட்டிருந்தா என்ன செய்திருப்பன்? அந்தப் பிள்ளை தமிழ்ல "பயப்பிடாதீங்க, லைன்லயே இருங்க" எண்டு சொல்லேக்க அரசாங்கம் எண்ட ஒண்டு முதல் தரமா என்னோட கதைச்ச மாதிரி இருந்தது. உண்மையா சொல்றன்.

இன்னும் என்ன வேணும் எண்டு கேட்டா, வண்டி கூட வேணும். எங்கட மாவட்டம் நீளம், வடக்கால புல்மோட்டை, தெற்கால வெருகல், ஈச்சிலம்பற்று. டவுணுக்கு கிட்ட இருக்கிற எங்களுக்கு பதினேழு நிமிஷம், அந்தப் பக்கத்து ஆக்களுக்கும் அதே பதினேழு வரோணும். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல சம்பளமும் குடுக்கோணும், இப்படி கை பழகின ஆக்கள் வெளிநாட்டுக்கு போயிட்டா வண்டி மட்டும் நிண்டு என்ன செய்யிறது.

கூப்பிடப் போற ஆக்களுக்கு சில விஷயம். கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டும் ஒரு பையில போட்டு கதவுக்கு பக்கத்தில தொங்க விடுங்கோ, நாங்க அத தேடியே ரெண்டு நிமிஷம் போச்சு. நாய் இருந்தா கட்டுங்கோ. ஒருத்தர் ரோட்டு முனைக்கு லைட்டோட போகோணும். போன வைச்சிடாதீங்கோ, அவங்க சொல்லுறத கேளுங்கோ. நினைவில்லாத ஆளுக்கு தண்ணி, சீனி, பிளேன்டீ ஒண்டும் வேண்டாம். அவங்க கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவாங்க, பிரைவேட்டுக்கு போ எண்டு நடு வழியில சண்டை பிடிக்காதீங்கோ. முக்கியமா, தடிமன் காய்ச்சலுக்கும் கிளினிக் போற வாகனமாவும் இத கூப்பிடாதீங்கோ, அந்த நேரம் இன்னொரு வீட்டில ஒரு அப்பா நெஞ்ச பிடிச்சுக்கொண்டு இருப்பார்.

அம்மா ரெண்டாம் நாள் வீட்டுக்கு வந்திட்டா. வந்த உடன "எவ்வளவு எடுத்தாங்க?" எண்டு கேட்டா. ஒண்டும் எடுக்கல்ல எண்டா நம்பவே இல்ல, நான் மறைக்கிறன் எண்டு நினைச்சு மகளிட்டயும் தனியா கேட்டிருக்கிறா. பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு தொதல் கிண்டி அனுப்போணும் எண்டு ஒரே பிடி, எங்க அனுப்புறது எண்டு எனக்கும் தெரியல்ல, அந்தத் தொதல் டோர்ச்சோட ஓடின பக்கத்து வீட்டு மாமிக்கு போனது.

அடுத்த ஞாயிறு மகள் வெள்ளைப் பெயின்ட் ஒரு டின் வாங்கி வந்து எங்கட மதில்ல ஒரு முழ உயரத்துக்கு வீட்டு நம்பர எழுதினா, இருட்டில லைட் பட்டா தெரியிற மாதிரி. மாமி பார்த்திட்டு தனக்கும் எழுதச் சொன்னா, பிறகு எதிர் வீடு, பிறகு முனை வீடு. பெயின்ட் முடிய இன்னொரு டின் ஒழுங்கை ஆக்கள் சேர்ந்து வாங்கினம். இப்ப மெயின் ரோட்டில இருந்து கடற்கரை மட்டும் பத்தொன்பது வீட்டுக்கும் நம்பர் இருக்கு.